தாமரையைக் கோடை தாண்ட வைப்பது: குட்டையிலேயே விடலாமா, தொட்டிக்கு மாற்றலாமா?

குளிர்நாடுகளில் வீட்டுக் குளத்தில் தாமரை வளர்ப்பவர்களுக்குப் பெரிய கவலை பனிக்காலம்தான். குளத்தின் மேல் ஐஸ் கட்டிவிடும். ஆனாலும் அடித் தண்ணீர் 4 டிகிரி அளவில் நிற்கும், சேற்றுக்குள் இருக்கும் கிழங்கு உறையாதவரை செடி பிழைத்துக்கொள்ளும். அதனால் தொட்டியைக் குளத்தின் ஆழமான இடத்துக்கு இறக்கி வைப்பார்கள், அல்லது கார் நிறுத்தும் கொட்டகைக்குள் கொண்டுபோய் மண்ணை ஈரமாக மட்டும் வைத்திருப்பார்கள், அல்லது கிழங்கைத் தோண்டி எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். இணையத்தில் தாமரை பற்றித் தேடினால் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பங்கு இதைச் சுற்றித்தான் இருக்கும்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எந்த ஊரிலும் ஐஸ் கட்டப்போவதில்லை. ஆனால் தாமரையைக் காப்பாற்றித் தாண்ட வைக்க வேண்டிய ஒரு பருவம் நமக்கும் உண்டு. மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. மாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் எப்போதாவது ஒரு கோடை மழை. நடுவில் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழும்பிவிட்டால் இலையைக் கிழிப்பதோடு தண்ணீரையும் குடித்துவிட்டுப் போகும். இந்த எட்டு மாதத்தை என்ன செய்து கடத்துவது என்பதுதான் நம் கேள்வி. உச்சிப்புளி பக்கம் மணல் பூமியில் குட்டை வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது பிடிபட்டால்தான் மற்றது புரியும். குளிர்நாட்டில் ஆபத்துக்காலமும் செடி தூங்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. பகல் குறையக் குறையத் தாமரை கிழங்கைப் பருக்க வைத்து உறங்கப் போகும், அதே நேரத்தில் பனியும் வரும். நம்மிடம் இவை இரண்டும் வேறு வேறு நேரத்தில் வருகின்றன. நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல்தான் வித்தியாசம், இருந்தாலும் அந்த வித்தியாசத்துக்கே பல வகைகள் கார்த்திகை, மார்கழியில் இலை பழுத்துச் சோம்பிவிடும். அதாவது குட்டை நிறையத் தண்ணீர் இருக்கும்போது செடி தூங்குகிறது, தண்ணீர் வற்றும்போது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பங்குனியில் சேற்றுக்குள் கைவிட்டால் பருத்த கிழங்கு தட்டுப்படாது, விரல் பருமனில் வெள்ளையாக நீண்டு ஓடும் கொடிதான் கைக்கு வரும், தொட்டாலே முறியும். முறிந்த இடத்தில் சேறு புகுந்து அழுகிவிடும். அதனால் கோடையில் என்ன செய்யப் போகிறோம் என்பதைத் தையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டு, சித்திரையில் குட்டை பாதி வற்றிய பிறகு யோசிப்பவர்களுக்குக் கையில் நல்ல வழி எதுவும் மிச்சமிருக்காது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் செய்வது மோட்டாரைப் போட்டுக் குட்டையை நிரப்பிக்கொண்டே இருப்பது. வேலை குறைவு, செடியைத் தொட வேண்டியதில்லை, பூவும் நிற்காமல் வரும். போர்த் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கிற வீட்டுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் நம் கரையோரத்தில் அப்படிப்பட்ட வீடு எத்தனை? நம் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கையால் தோண்டிய ஊற்றில் மெல்ல ஊறுவதை அள்ளினால் நல்ல தண்ணீர் வரும், ஆழ போர் போட்டு மோட்டாரில் இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். கோடையில் எல்லா வீட்டிலும் இழுப்பார்கள் என்பதால் தையில் நன்றாக இருந்த தண்ணீர் ஆனியில் கரித்துப் போவதும் உண்டு.

இதில் நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது ஒன்று இருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நின்றுவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் ஒரு குட்டை, அடியில் ஷீட் விரித்தது. அதில் 3000 லிட்டர் தண்ணீர். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 36 லிட்டர், அதாவது இரண்டு குடத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த 36 லிட்டரையும் 1500 டி.டி.எஸ். உள்ள, அதாவது லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிற போர்த் தண்ணீரால் ஈடுகட்டினால் தினமும் 54 கிராம் உப்பு குட்டைக்குள் போகிறது. நூறு நாளில் 5 கிலோ 400 கிராம். மழைத் தண்ணீரோடு 200-ல் தொடங்கிய குட்டை நூறாவது நாளில் 2000-ஐத் தொட்டு நிற்கும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விட்டுக்கொடுக்கும் கடைசி எல்லையே 2000 தான். கச்சான் அடிக்கும் மாதங்களில் 6 மில்லிமீட்டரோடு நிற்காது, இலைகள் குடிப்பதும் தனிக் கணக்கு. எட்டு மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

உப்பு ஏறுவதைச் செடியே காட்டிக்கொடுக்கும். பழைய இலைகளின் ஓரம் காய்ந்த புகையிலை நிறத்துக்குச் சுருண்டு கருகும், புதிதாக வரும் இலை முன்னதைவிடச் சிறுத்து வரும், மொட்டு வந்தாலும் கறுத்து நின்றுவிடும். வெயிலால்தான் கருகுகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு மணி நேரம் மோட்டாரை ஓட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். தாமரைக்கு வெயில் பிரச்சினையே இல்லை, அது வெயிலுக்குப் பிறந்த செடி. பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தாமரை வைத்திருப்பவர்கள் கட்டாயம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். என் கணக்கில் குட்டைத் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டினால் அதற்கு மேல் போர்த் தண்ணீர் விடக் கூடாது.

அப்படியானால் லாரித் தண்ணீர், குழாயில் வரும் காவிரித் தண்ணீர்? செடிக்கு நல்லதுதான். ஆனால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிற ஊரில், தினமும் இரண்டு மூன்று குடம் குடிதண்ணீரைக் குட்டையில் ஊற்ற எனக்கு மனம் வராது. இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கலாம், நான் இந்த வழியை ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

அடுத்தது, குட்டையை அதன் போக்கில் வற்ற விடுவது. கண்மாய்களில் அதுதானே நடக்கிறது, வற்றிய கண்மாயில் அடுத்த மழைக்குத் தாமரை தானாக எழும்பி வருவதில்லையா என்று கேட்பார்கள். வருகிறது. ஆனால் அதற்குக் காரணம் கரம்பை, அதாவது கண்மாய் வண்டல் மண். ஆள் ஆழத்துக்குக் கூட வண்டல் படிந்த கண்மாயில் மேல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தாலும், கீழே ஈரம் நின்றுகொண்டிருக்கும். கிழங்கு அந்த ஈரத்தில் கிடக்கும். அதோடு பல வருடத்து விதைகளும் சேற்றில் இருக்கும், கிழங்கு செத்தாலும் அவை முளைக்கும். நாம் கொல்லையில் ஒரு முழ ஆழத்துக்கு மண் போட்டுவிட்டு அதே மாதிரி நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த ஒரு முழ மண் வைகாசிக்குள் அடி வரைக்கும் காய்ந்துவிடும். வெடிப்பு கிழங்கு வரைக்கும் இறங்கி, காற்றுப் பட்டதும் கிழங்கு சுருங்கித் தோல் மட்டும் மிஞ்சும்.

வற்ற விடுவதில் கடற்கரைக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. தேவிபட்டினத்தில் என் மதினி வீட்டுக் குட்டை கடலுக்குப் பக்கம், அடியில் ஷீட் கிடையாது, நிலத்தடி நீர் நாலைந்து அடியிலேயே நிற்கிறது. குட்டை வற்றியதும் ஓரத்து மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தது. “தம்பி, யாராச்சும் சுண்ணாம்பு கொட்டிட்டாங்களா?” என்று கேட்டார். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. மேல் மண் காயக் காய, கீழே இருக்கிற உவர்த் தண்ணீரை மண் உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் பறந்துவிடும், உப்பு படிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் குட்டையை வற்ற விட்டால் கிழங்கு தாகத்தோடு உப்பையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும்.

ஆகவே வற்ற விடும் வழி யாருக்குப் பொருந்தும்? கடலிலிருந்து தள்ளி, ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை பக்கம் கரிசலும் களியும் உள்ள இடத்தில், குறைந்தது இரண்டு முழம் கரம்பை போட்ட குட்டையில், நாட்டுத் தாமரை வைத்திருப்பவர்களுக்கு. அங்கேயும் தண்ணீர் முழுக்க வற்றுவதற்கு முன்னால், சேறு தளதளவென்று இருக்கும்போதே, மேலே பனையோலையை இரண்டு மூன்று அடுக்காகப் பரப்பி அதன்மேல் ஒரு சாண் மணலைக் கொட்டிவிட்டால் வெடிப்பு விழாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை நாலு குடம் நல்ல தண்ணீர் தெளித்தால் போதும். பூ இருக்காது, பார்க்க ஒன்றும் இருக்காது, ஆனால் கிழங்கு உயிரோடு இருக்கும். வேலி இல்லாத இடம் என்றால் பன்றி கிளறிவிடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. இலை பழுக்கத் தொடங்கியதும் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று சிலர் காம்பை அடியோடு அறுத்துவிடுகிறார்கள். தாமரைக் காம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே குழல் குழலாகத் துளைகள் ஓடும். காற்று இலையிலிருந்து சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குப் போகும் வழி அது. தண்ணீருக்குள் வெட்டினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகிவிடும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வெட்டுங்கள்.

மூன்றாவது, தொட்டிக்கு மாற்றுவது. கரையோரத்து வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். தையில், பழைய இலைகள் பழுத்து, புது இலை ஒன்றிரண்டு சின்னதாகத் தலைகாட்டும் நேரத்தில், குட்டைத் தண்ணீரை முழங்காலுக்குக் கீழே இறக்கிவிட்டு, மண்வெட்டி எதுவும் இல்லாமல் கையாலேயே சேற்றைத் தள்ளித் தள்ளிக் கிழங்கைத் தேட வேண்டும். நுனி முனை முழுதாக இருக்க வேண்டும், அது ஒடிந்தால் அந்தத் துண்டு வீண். முனையோடு சேர்ந்து இரண்டு கணுவாவது இருக்கும்படி எடுத்து, அகலமான தொட்டியில் பாதிக்குக் கரம்பையைக் குழைத்துப் போட்டு, கிழங்கைப் படுக்கையாக வைத்து, முனை மட்டும் சற்று மேலே தெரிய மூட வேண்டும். மேலே ஒரு சாண் தண்ணீர் போதும், இலை எழும்ப எழும்பக் கூட்டிக்கொள்ளலாம். கடற்கரை மணலைத் தொட்டிக்குள் போடவே கூடாது. கரம்பைக்குக் கண்மாயில் நீங்களாகப் போய் வெட்டாதீர்கள், அதற்கு அனுமதி வாங்க வேண்டும். வயலுக்கு முறைப்படி வண்டல் அடிப்பவர்களிடம் நாலு கூடை கேட்டால் கொடுப்பார்கள்.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டியில் மேல்பரப்பு கால் சதுர மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதே 6 மில்லிமீட்டர் கணக்கில் ஒரு நாளைக்கு 2 லிட்டர் கூட வராது. இலை குடிப்பதையும் காற்றையும் சேர்த்து 3, 4 லிட்டர் என்று வைத்தாலும் ஒரு குடம் நாலு நாளுக்கு வரும். எட்டு மாதத்துக்கும் சேர்த்து ஆயிரம் லிட்டருக்குள் முடிந்துவிடும். 500 சதுர அடி மொட்டை மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நாலாயிரம் லிட்டருக்கு மேல் விழுகிறது, சிந்தியது சிதறியது போனாலும் கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் நிறைந்துவிடும். அதை மூடி வைத்து, தாமரைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால் கோடை முழுக்கப் போரையும் தொட வேண்டாம், குடிதண்ணீரையும் தொட வேண்டாம். மழைத் தண்ணீரில் உப்பு இல்லாததால் கூட்டல் கணக்கும் கிடையாது. மற்ற எல்லாக் காரணத்தையும் விட இந்த ஒன்றுக்காகத்தான் தொட்டியைச் சொல்கிறேன்.

தொட்டியின் குறையையும் சொல்ல வேண்டும். தரைமேல் வைத்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி சித்திரை மத்தியானத்தில் கொதிக்கும், ஓரத்து வேர் வெந்துவிடும். அதற்காக மர நிழலில் தூக்கி வைத்தால் இலை மட்டும் நீண்டு வரும், பூ வராது, தாமரைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தொட்டியைக் கழுத்தளவு மணலில் புதைத்துவிடுவதுதான் வழி. நம் மணலில் இரண்டு அடிக்குக் கீழே எப்போதும் குளிர்ச்சிதான். மேற்குப் பக்கம் மட்டும் பனையோலைத் தட்டி ஒன்று கட்டினால் பிற்பகல் வெயிலையும் மறைக்கும், கச்சானையும் தடுக்கும். சிமெண்ட் தொட்டி புதிதாக வாங்கினால் சுண்ணாம்புக் காரம் போகிற வரைக்கும் இரண்டு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகுதான் செடி வைக்க வேண்டும். அப்புறம் கொசு. நாலைந்து கப்பி மீன் விட்டால் புழு நிற்காது. இதை விட்டுவிடாதீர்கள், டெங்கு வந்தால் நம் வீட்டோடு போகாது.

இன்னொரு குறை, ஒரு தொட்டியில் ஒரு செடிதான். குட்டை முழுக்கப் படர்ந்து கிடந்ததைப் பார்த்த கண்ணுக்கு இரண்டு தொட்டி வெறுமையாகத்தான் தெரியும். பெரிய ரக நாட்டுத் தாமரை 60 சென்டிமீட்டர் தொட்டியில் நெருக்கடியோடுதான் இருக்கும், உயிர் பிழைக்கும், பூ ஒன்றிரண்டு வந்தால் அதிர்ஷ்டம். நர்சரிகளில் விற்கும் சிறிய ரகங்கள் தொட்டியிலேயே கோடை முழுக்கப் பூக்கும். அதனால் தொட்டி வழியில் அதிகப் பலன் அவற்றுக்குத்தான்.

கிழங்கைத் தோண்டி ஈர மணலிலோ தென்னை நார்க்கழிவிலோ போட்டு வைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். குளிர்நாட்டில் அது நடக்கும், ஏனென்றால் அங்கே கொட்டகைக்குள்ளும் குளிராக இருக்கிறது. நம் வீட்டில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும் அறையில் ஈரத்தோடு வைத்தால் ஒன்று முளைக்கும், இல்லை அழுகும். ஃப்ரிட்ஜில் காய்கறிப் பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றி வைத்தால் நன்றாக உறங்கிப் பருத்த கிழங்கு சில வாரம் தாங்கும். வெளியூர் நண்பருக்குக் கொடுக்க, அல்லது தொட்டி தயாராகும் வரை வைத்திருக்க அது போதும். எட்டு மாதத்துக்கு அதை நம்பக் கூடாது, அதிலும் நம் பக்கத்து வெப்பநாட்டு ரகங்கள் குளிரையும் விரும்பாது, கிழங்கையும் அவ்வளவாகப் பருக்க வைக்காது.

விதை ஒரு காப்பீடு. எந்த வழியை எடுத்தாலும் இதையும் கூடவே செய்யலாம், செலவே இல்லை. பூவின் நடுவில் விதை இருக்கும் பொகுட்டு பழுத்துக் காய்ந்ததும் கறுத்துக் கல்லாகிப்போன விதைகளை எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. சீனாவில் வற்றிப்போன ஏரிப் படுகையில் கிடைத்த சுமார் 1300 ஆண்டுப் பழைய தாமரை விதை முளைத்திருக்கிறது, அவ்வளவு கெட்டியான ஓடு. அதே ஓடுதான் தொல்லையும், அப்படியே தண்ணீரில் போட்டால் எளிதில் முளைக்காது. கூர்முனை இல்லாத பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் தேய்த்து, உள்ளே வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, தினம் தண்ணீர் மாற்றி ஊறவைத்தால் ஒரு வாரத்துக்குள் பச்சையாக முளை விடும். நாட்டுத் தாமரைக்கு இது நல்ல வழி. ஹைபிரிட் ரகத்தின் விதையில் தாய்ச்செடியின் பூவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது, பூக்கவும் ஒரு வருடத்துக்கு மேல் பொறுக்க வேண்டியிருக்கும்.

ஆக, போர்த் தண்ணீர் ஐந்நூறுக்குள் இருக்கிறவர்கள் குட்டையிலேயே விடுங்கள், மீட்டரை மட்டும் மாதம் ஒரு முறை முக்கிப் பாருங்கள். கடலிலிருந்து தள்ளிக் கரம்பை நிலம் உள்ளவர்கள் ஓலை மூடி வற்ற விடலாம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, பெரியபட்டினம், வாலிநோக்கம் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் தையில் இரண்டு தொட்டிக்கு எடுத்து வையுங்கள், குட்டையில் மிஞ்சியது பிழைத்தால் லாபம். விலை கொடுத்து வாங்கிய ரகம் என்றால் எந்த ஊராக இருந்தாலும் ஒரு கிழங்கு தொட்டியில் இருக்கட்டும்.

திரும்பக் குட்டையில் விடும்போது அவசரப்பட வேண்டாம். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் குட்டையில் சேரும் தண்ணீர் கோடையில் படிந்த உப்பையெல்லாம் கரைத்து வைத்திருக்கும், அதை அப்படியே இறைத்து வெளியே விட்டுவிடுங்கள். இரண்டாவது மழையில் நிறைந்த தண்ணீரை மீட்டரில் பார்த்து, ஐந்நூறுக்குக் கீழே இருந்தால் தொட்டி மண்ணைக் கலைக்காமல் வேர் மண்ணோடு தென்னம்பிள்ளையைத் தூக்குவதுபோல் முழுதாக இறக்கலாம். அதிலும் ஒரு தொட்டியை மட்டும் இறக்குங்கள், மற்றது தை வரைக்கும் தொட்டியிலேயே இருக்கட்டும். மழை பொய்க்கிற வருடமும் நமக்கு வருகிறதல்லவா.